ரிசல்ட் வர ஏன் இத்தனை நாள்? டபுள் மார்க்கர் முதல் ஆம்னியோ வரை ஓர் எளிய விளக்கம்

கர்ப்பிணிக்கு மூன்றாம் மாதவாக்கில் செய்யும் டபுள் மார்க்கர் பரிசோதனையின் ரிப்போர்ட்டில் ‘ஹை ரிஸ்க் 1:120’ என்று அச்சாகி வந்துவிட்டால், அதற்கப்புறம் அந்த வீட்டுப் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே கேள்வியில் போய் நிற்கும். அடுத்த டெஸ்ட் ரிசல்ட் எப்போது வரும்? டாக்டர் ‘இரண்டு மூன்று வாரம் ஆகும்’ என்பார். சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் காலையில் ரத்தம் கொடுத்தால் சாயங்காலமே வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்துவிடுகிறது. இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு இழுக்கிறார்கள்?

லேப் இழுக்கவில்லை. அந்த நாட்களில் அங்கே நடக்கும் வேலை அப்படிப்பட்டது. அது என்ன வேலை என்று தெரிந்துகொண்டால், எந்த நாளில் வரும் எந்தத் தகவலை எவ்வளவு நம்பலாம் என்பதும் கூடவே தெரிந்துவிடும். காத்திருக்கும் வேதனை இதனால் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு போன் அழைப்புக்கும் நெஞ்சு பதறுவது கொஞ்சம் குறையும்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணியின் அட்டையில் ‘ஹை ரிஸ்க்’ என்று எழுதினால், அது பெரும்பாலும் தாயின் உடல்நிலையைப் பற்றியது. ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை, முந்தைய சிசேரியன், வயிற்றில் இரட்டைக் குழந்தை, இப்படி. டபுள் மார்க்கர் தாளில் வரும் ‘ஹை ரிஸ்க்’ வேறு. குழந்தைக்குக் குறிப்பிட்ட சில குரோமோசோம் (செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கும் இழை) கோளாறுகளில் ஒன்று இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று போட்ட கணக்கு அது. டவுன் சிண்ட்ரோம் எனப்படும் 21ஆம் குரோமோசோம் கோளாறும், அதைவிட அரிதான, அதைவிடக் கடுமையான 18, 13ஆம் குரோமோசோம் கோளாறுகளும்தான் அதில் முக்கியமாகப் பார்க்கப்படுகின்றன.

அந்த 1:120 எங்கிருந்து வந்தது

11ஆவது வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள் வரைக்குள் எடுக்கும் என்.டி. ஸ்கேனில், குழந்தையின் பின்கழுத்தில் தோலுக்கு அடியில் தேங்கும் நீரின் தடிமனை அளக்கிறார்கள். அந்த நீர் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் குரோமோசோம் கோளாறுக்கு வாய்ப்பு கூடும் என்பதை லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் கைப்ரோஸ் நிக்கோலாய்டஸ் குழுவினர் 1992இல் எழுதினார்கள். இதோடு தாயின் ரத்தத்தில் இரண்டு பொருள்களின் அளவைப் பார்ப்பார்கள். டபுள் மார்க்கர் என்ற பெயர் அதனால்தான். பிறகு தாயின் வயது. 30 வயதில் டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு சுமார் 900இல் 1. 35இல் சுமார் 350இல் 1. 40இல் சுமார் 100இல் 1. இவை எல்லாவற்றையும் மென்பொருளில் போட்டால் ஒரு விகிதம் வரும். அது 1:250ஐவிட மோசமாக இருந்தால் ‘ஹை ரிஸ்க்’ என்று குறிப்பதுதான் இங்கே பெரும்பாலான லேப்களின் வழக்கம்.

1:120 என்றால் என்ன? இதே ரிப்போர்ட்டோடு 120 பெண்கள் வந்து நின்றால், 119 பேருடைய குழந்தைக்கு அந்தக் கோளாறு இல்லை. ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 10,000 பேர் இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டால் சுமார் 500 பேருக்கு ‘ஹை ரிஸ்க்’ என்று வரும். அவர்களில் உண்மையிலேயே குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருப்பது 15 பேருக்குப் பக்கத்தில்தான். மற்றவர்கள் எல்லாம் பயந்தவர்கள், அவ்வளவுதான். அதே சமயம் அந்த 10,000 பேரில் ஓரிருவருக்கு ‘லோ ரிஸ்க்’ என்று வந்தும் குழந்தைக்குக் கோளாறு இருக்கும். வடிகட்டும் பரிசோதனை என்றால் இப்படித்தான். யாருக்கு அடுத்த டெஸ்ட் தேவை என்று பிரிப்பது அதன் வேலை. குழந்தைக்கு நோய் இருக்கிறதா என்று சொல்வது அதன் வேலையே இல்லை. இந்தத் தாளைக் கையில் கொடுப்பவர்கள் இதை இரண்டு நிமிடம் உட்காரவைத்துச் சொல்லிவிட்டால் எத்தனையோ பேரின் தூக்கம் கெடாது. கூட்டம் நிரம்பி வழியும் ஓ.பி.யில் அந்த இரண்டு நிமிடம்தான் கிடைப்பதில்லை.

ரத்தத்திலேயே பார்க்கும் என்.ஐ.பி.டி.

‘ஹை ரிஸ்க்’ வந்த பிறகு இரண்டு வழிகள். ஒன்று, தாயின் ரத்தத்தில் குழந்தையின் டி.என்.ஏ. துணுக்குகளைத் தேடுவது. இது என்.ஐ.பி.டி. இன்னொன்று, ஊசி போட்டுப் பனிக்குட நீரையோ நஞ்சுக்கொடியின் (சுருக்கமாக நஞ்சு) திசுவையோ எடுத்து நேராகப் பார்ப்பது.

தாயின் ரத்தத்தில் குழந்தையின் டி.என்.ஏ. மிதக்கிறது என்பதை மருத்துவ ஆராய்ச்சியாளர் டென்னிஸ் லோவும் அவருடன் வேலை செய்தவர்களும் 1997இல் வெளியிட்டார்கள். அது பரிசோதனையாகச் சந்தைக்கு வந்தது 2011இல். செய்முறை வேடிக்கையானது. ரத்தத்தில் மிதக்கும் துணுக்குகளில் பெரும்பங்கு தாயுடையது; குழந்தையின் பங்கு சுமார் 10 சதவீதம் இருக்கலாம். எது யாருடையது என்று இயந்திரம் பிரிப்பதில்லை. எல்லாவற்றையும் லட்சக்கணக்கில் எண்ணுகிறது. குழந்தையிடம் 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருந்தால், மொத்த எண்ணிக்கையில் 21இன் துணுக்குகள் 5 சதவீதம்போலக் கூடித் தெரியும். அந்தச் சின்ன ஏற்றத்தைக் கண்டுபிடிப்பதுதான் முழு டெஸ்டும். குழந்தையின் பங்கு 4 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த ஏற்றம் எண்ணிக்கையின் இயல்பான ஏற்ற இறக்கத்தில் கரைந்துவிடும். அப்போது லேப் ‘ரிசல்ட் இல்லை, மறுபடி ரத்தம் கொடுங்கள்’ என்று கேட்கும். தாயின் எடை அதிகமாக இருந்தாலோ ரொம்ப சீக்கிரம் ரத்தம் எடுத்திருந்தாலோ இது நடக்கும். பத்தாவது வாரத்துக்கு முன்பு எடுக்க வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான்.

சாதாரணமாக ஒரு வாரம் பத்து நாளில் ரிப்போர்ட் வரும். டவுன் சிண்ட்ரோம் இருக்கும் கர்ப்பங்களில் நூற்றுக்கு 99ஐ இது பிடித்துவிடும். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ‘99 சதவீதம்’ என்று விளம்பரத்தில் படித்துவிட்டு, பாசிட்டிவ் வந்தால் 99 சதவீதம் உறுதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. வயது குறைந்த தாய்மார்களிடம் கோளாறே அபூர்வம் என்பதால், பாசிட்டிவ் வந்தவர்களில் பொய்யான பாசிட்டிவின் பங்கு அதிகம். 25 வயதில் வரும் பாசிட்டிவ் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதிதான் உண்மை. 40 வயதில் பத்தில் ஒன்பதுக்கு மேல் உண்மை. இன்னொரு காரணமும் உண்டு: அந்தத் துணுக்குகள் நஞ்சிலிருந்து வருகின்றன, குழந்தையின் உடலிலிருந்து அல்ல. நஞ்சில் கோளாறு இருந்து குழந்தையிடம் இல்லாமல் போவது உண்டு. அதனால் என்.ஐ.பி.டி. பாசிட்டிவ் தாளை மட்டும் வைத்துக்கொண்டு கர்ப்பத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. இதில் மருத்துவர்களிடையே இரண்டாம் கருத்தே கிடையாது.

என்.டி. 3.5 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தாலோ, ஸ்கேனில் இதயத்திலோ வேறு உறுப்பிலோ குறை தெரிந்தாலோ, என்.ஐ.பி.டி.யில் பத்து நாளைச் செலவழிப்பதைவிட நேராக ஊசிப் பரிசோதனைக்குப் போவதே நல்லது. ஏனென்றால் அப்போது தேடவேண்டியது 21, 18, 13 மட்டும் அல்ல.

ஊசி போட்ட பிறகு லேபில் என்ன நடக்கிறது

11 முதல் 14ஆவது வாரம் வரை நஞ்சிலிருந்து துளி திசு எடுக்கலாம். இதை சி.வி.எஸ். என்பார்கள். 15ஆவது வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் எடுக்கலாம், அதுதான் ஆம்னியோ. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியை வயிற்றுக்குள் செலுத்தி 15 முதல் 20 மில்லி நீர் எடுப்பார்கள். ஊசி உள்ளே இருப்பது ஓரிரு நிமிடம். எடுத்த நீர் தானாக மறுபடி ஊறிவிடும். கரு கலையும் ஆபத்து 100இல் 1 என்று முன்பு சொல்லி வந்தார்கள். இப்போது அனுபவமுள்ள கையில் 200இல் 1க்கும் குறைவு என்கிறார்கள். தாய்க்கு நெகட்டிவ் ரத்த வகை என்றால் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பு உருவாக்காமல் தடுக்கும் ஆன்ட்டி-டி ஊசியை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டுமா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பின் காய்ச்சல், நீர் கசிவு, ரத்தப்போக்கு, அடங்காத வலி இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இவை எதுவும் இல்லையென்றால் ஓரிரு நாள் கனம் தூக்காமல் இருந்தால் போதும். பத்து நாள் படுக்கையிலேயே கிடக்க வேண்டும் என்பது வீட்டுப் பெரியவர்களின் அன்பே தவிர மருத்துவ விதி இல்லை.

ஆம்னியோ நாளில் தாயின் கையிலிருந்தும் ரத்தம் எடுப்பார்கள். பலர் ‘எனக்கும் ஏதாவது இருக்கிறதோ’ என்று பயப்படுகிறார்கள். அது வேறொன்றும் இல்லை. பனிக்குட நீரில் தாயின் செல்கள் கலந்துவிட்டால் தாயின் குரோமோசோமையே பார்த்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று தவறாகச் சொல்ல நேரும். கலப்பு இருக்கிறதா என்று ஒப்பிட அந்த ரத்தம். ஊசியில் முதலில் வரும் ஓரிரு மில்லியை ஒதுக்குவதும் இதே காரணத்துக்காக.

சாம்பிள் பெரும்பாலும் வேறு ஊர் லேபுக்குப் பயணப்படும். அங்கே அது இரண்டாகப் பிரியும்.

ஒரு பகுதி அவசர வழியில் போகிறது. கியூ.எஃப். பி.சி.ஆர். அல்லது ஃபிஷ் என்ற முறை. இதற்குச் செல்களை வளர்க்க வேண்டியதில்லை. இருக்கும் செல்களிலேயே 13, 18, 21, அப்புறம் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் பால் குரோமோசோம்கள் எத்தனை என்று மட்டும் பார்க்கும். இரண்டு மூன்று வேலை நாளில் பதில். பெரும்பாலான பயம் இந்தக் குரோமோசோம்களைப் பற்றியதுதான் என்பதால், இந்த அவசர ரிப்போர்ட் நார்மல் என்று வந்தாலே பாதிப் பாரம் இறங்கிவிடும். கூடுதல் கட்டணம் ஆகலாம். முடிந்தால் கட்டிவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. அந்த மூன்று வாரம் முழுக்க இருட்டில் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

மற்ற பகுதி மெதுவான வழியில் போகிறது. பனிக்குட நீரில் மிதப்பவை குழந்தையின் தோலிலிருந்தும் சிறுநீர்ப் பாதையிலிருந்தும் உதிர்ந்த செல்கள். அவற்றில் பெரும்பாலானவை உயிரற்றவை. உயிருள்ள கொஞ்சத்தை ஊட்டச்சத்துத் திரவத்தில் போட்டு, உடல் சூட்டிலேயே, அதாவது 37 டிகிரியில், வைத்து வளர்க்கிறார்கள். குரோமோசோம்களை மைக்ராஸ்கோப்பில் தனித்தனியாகப் பார்க்க முடிவது செல் இரண்டாகப் பிரியும் அந்தக் கட்டத்தில் மட்டும்தான். பிரிய வேண்டுமானால் செல் முதலில் அடிப்பரப்பில் ஒட்டி, உயிர் பிடித்து, பெருக வேண்டும். அதற்கே ஒன்று ஒன்றரை வாரம். நாற்றங்காலில் விதை தூவியவரிடம் நாளைக்கே நடவு செய்யச் சொன்னால் அவர் என்ன செய்வார்? போதிய செல்கள் பிரியும் நிலைக்கு வந்ததும் ஒரு மருந்தால் அவற்றை அப்படியே நிறுத்தி, உப்பிப்போக வைத்து, கண்ணாடித் தகட்டில் சொட்டி, சாயம் ஏற்றி, வரி வரியாகத் தெரியும் குரோமோசோம்களை ஒருவர் உட்கார்ந்து எண்ணுவார். ஒன்றல்ல, சுமார் 20 செல்களில். எண்ணிக்கை மட்டும் அல்ல. ஒன்றின் துண்டு இன்னொன்றில் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதுதான் கேரியோடைப்.

மனிதனுக்கு 46 குரோமோசோம் என்பதே 1956இல்தான் உறுதியானது. அதுவரை 48 என்று பாடம் நடத்தினார்கள். டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம் கூடுதலான 21ஆம் குரோமோசோம் என்பது 1959இல் தெரிந்தது. பனிக்குட நீரின் செல்களை வளர்த்து எண்ணலாம் என்று காட்டியது 1966. அடிப்படை வேலை இன்றும் மாறவில்லை.

கேரியோடைப்பில் தெரியாத, குரோமோசோமின் நுண்ணிய துண்டுகளின் இழப்புகளைப் பார்க்க மைக்ரோ-அரே என்ற டெஸ்ட் உண்டு. இதற்கு ஓரிரு வாரம். செல் வளர்த்துத்தான் டி.என்.ஏ. எடுக்க வேண்டிய நிலை என்றால் இன்னும் கொஞ்சம். சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அத்தை மகன், மாமன் மகள் உறவில் கூடும் ஆபத்து பெரும்பாலும் ஒற்றை மரபணு நோய்களில். அதைக் கேரியோடைப் காட்டாது. குடும்பத்தில் ஏற்கெனவே பாதிக்கப்பட்ட குழந்தை இருந்தால், அந்த மரபணுக் குறை எது என்று முதலில் தெரிந்தால்தான் வயிற்றிலிருக்கும் குழந்தையிடம் அதைத் தேட முடியும். அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே செய்து வைக்க வேண்டிய வேலை அது.

சில சமயம் செல்கள் வளராது. இது அபூர்வம், ஆனால் நடக்கும். ரிப்போர்ட் சொன்ன தேதியில் வராமல் தள்ளிப்போனால் ‘ஏதோ மோசம், அதனால்தான் மறைக்கிறார்கள்’ என்று மனம் உடனே முடிவு கட்டிவிடும். தாமதத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது மெதுவாக வளரும் செல்கள், நடுவில் வந்த பொங்கல் விடுமுறை, அல்லது கையெழுத்துப் போட வேண்டிய டாக்டர் ஊரில் இல்லாதது. ஊசி போடும் நாளிலேயே மூன்று விஷயம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளலாம்: அவசர ரிப்போர்ட் எந்தக் கிழமை, முழு ரிப்போர்ட் எந்தத் தேதிக்குள், யார் யாருக்குப் போன் செய்வார்கள். மெயிலில் நேராக வரும் என்றால், அதைத் திறக்கும்போது விளக்கிச் சொல்ல டாக்டரோ மரபணு ஆலோசகரோ கிடைக்கும் நேரமாகப் பார்த்துக்கொள்வது நல்லது. இரவு பதினோரு மணிக்குத் திறந்து, புரியாத வார்த்தையைக் கூகுளில் தேடி, விடிய விடிய உட்கார்ந்திருப்பதைவிடக் காலை வரை திறக்காமல் இருப்பது மேல்.

வாரக் கணக்கும் சட்டமும்

இந்தக் காத்திருப்பைக் கடுமையாக்குவது காலண்டர். 12ஆவது வாரம் டபுள் மார்க்கர், 13இல் ரிப்போர்ட், என்.ஐ.பி.டி. கொடுத்துப் பதில் வரும்போது 15, ஆம்னியோ 16இல், முழு ரிசல்ட் 18 அல்லது 19இல். அதற்குள் குழந்தை அசைய ஆரம்பித்திருக்கும். சந்தோஷப்பட வேண்டிய அந்த முதல் அசைவு இவர்களுக்கு இரண்டு பக்கமும் வெட்டும். குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஐந்தாம் மாத அனாமலி ஸ்கேனில்தான் முதன்முதலில் குறை தெரிந்தது என்றால் கணக்கு இன்னும் நெருக்கும்: 20இல் ஆம்னியோ, 22 அல்லது 23இல் ரிசல்ட்.

இந்தியாவில் 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வரை இரண்டு டாக்டர்கள். குழந்தைக்குக் கடுமையான குறை இருப்பது இதற்கான காரணங்களில் ஒன்று. 24ஐத் தாண்டினால், கணிசமான குறை இருப்பதாக மருத்துவ வாரியம் உறுதிசெய்ய வேண்டும். வயதுவந்த பெண் என்றால் அவருடைய சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. இதையெல்லாம் ரிசல்ட் வந்த அன்று தேடுவதைவிட முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது. தெரிந்து வைத்திருப்பதால் அந்தப் பக்கம்தான் போக வேண்டும் என்று இல்லை. தொடர்வது என்று முதலிலேயே முடிவு செய்தவர்களும் டெஸ்ட் எடுக்கிறார்கள். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கும். குழந்தையின் இதயத்தை எக்கோவில் பார்த்து, இதய அறுவை வசதி உள்ள இடத்தில் பிரசவத்தைத் திட்டமிடலாம் என்பது அவர்கள் காரணம்.

ரிப்போர்ட்டில் ஆணா பெண்ணா என்பது இருக்காது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் அதை வார்த்தையாலோ சைகையாலோ தெரிவிப்பதையே தடை செய்கிறது. அதே சட்டம், ஊசிப் பரிசோதனையின் பக்கவிளைவுகளை விளக்கி, பெண்ணுக்குப் புரியும் மொழியில் எழுத்துபூர்வ சம்மதம் வாங்கி, அதன் நகலை அவரிடம் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழில் படிவம் கேட்பது உங்கள் உரிமை.

வீட்டில்

காத்திருக்கும் நாட்களில் வீட்டில் வரும் முதல் கேள்வி ‘அப்படி என்ன சாப்பிட்ட?’ என்பதாக இருக்கும். பப்பாளியில் தொடங்கி, கிரகணத்தன்று வெளியே வந்தது, ஸ்கூட்டர் ஓட்டியது என்று பட்டியல் நீளும். இதற்கு நேரான பதில் ஒன்று உண்டு. கூடுதல் குரோமோசோம் பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போதே நேர்ந்துவிடுகிறது, கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே. ஒரு பெண்ணின் முட்டைகள் அவர் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே தோன்றி, பாதி பிரிந்த நிலையில் பல வருடம் காத்திருப்பவை. வயது கூடக் கூட அந்தப் பிரிவில் பிசகு நேர வாய்ப்பு கூடுகிறது. சாப்பாட்டாலும் நடமாட்டத்தாலும் அது வருவதும் இல்லை, போவதும் இல்லை. மாமியாரிடம் இதைச் சொல்ல வேண்டிய வேலை கணவருடையது. அந்தப் பெண்ணே தன்னைக் காத்துப் பேச வேண்டிய நிலைக்கு விடக் கூடாது.

எத்தனை பேரிடம் சொல்வது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: குறைவாக. தெரிந்தவர் ஒவ்வொருவரும் தினம் ‘ரிசல்ட் வந்துடுச்சா?’ என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். ஆனாலும் அதற்குப் பதில் சொல்லியே அலுத்துவிடும்.

ரிசல்ட் வந்ததும்

அவசர ரிப்போர்ட் நார்மல் என்றால் 13, 18, 21, பால் குரோமோசோம்களின் எண்ணிக்கை சரி என்று மட்டும் பொருள். முழு கேரியோடைப்பும் நார்மல் என்றாலும் அனாமலி ஸ்கேனைத் தவிர்க்க முடியாது. உதடு பிளவும் பல இதயக் குறைகளும் குரோமோசோம் சரியாக இருக்கும்போதே வருபவை. மைக்ரோ-அரேயில் ‘பொருள் உறுதியில்லாத மாற்றம்’ என்று ஒன்று வரலாம். நல்லதா கெட்டதா என்று இன்றைய அறிவுக்குத் தெரியாத மாற்றம் அது. பெற்றோரிடமும் அதே மாற்றம் இருந்து அவர்கள் நலமாக இருந்தால் கவலை பெருமளவு குறையும். இந்தச் சாத்தியத்தை டெஸ்டுக்கு முன்பே சொல்லிவிடும் டாக்டர் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

டவுன் சிண்ட்ரோம் என்றே வந்தால், ரிப்போர்ட்டில் எந்த வகை என்று பாருங்கள். சுமார் 95 சதவீதம் தனியாக ஒரு 21 கூடுதலாக இருக்கும் வகை. அடுத்த கர்ப்பத்தில் திரும்ப வரும் வாய்ப்பு 100இல் 1 அளவு, வயதால் வரும் ஆபத்து அதைவிட அதிகமாக இருந்தால் அந்த வயதுக்குரிய அளவு. 3, 4 சதவீதம் மட்டும், கூடுதல் 21 வேறொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வகை. அது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம் என்பதால் இருவருக்கும் ரத்தத்தில் கேரியோடைப் செய்யச் சொல்வார்கள். அதற்கும் செல்களை வளர்க்கத்தான் வேண்டும். ஆனால் ரத்தச் செல்கள் மூன்று நாளில் வளர்ந்துவிடும்.